கறுப்புக் காய்கள்

புத்தளம் ஆஸ்பத்திரி,
1946

என் அன்பு மனைவிக்கு ஸலாம்.

நோவு கொஞ்சம் குறைவு. நீ கொடுத்த கஞ்சியை உன் வாப்பா கற்பிட்டியிலிருந்து தோணியில் சிந்தாமல் கொண்டுவந்தார். கூடவே செஸ் பலகையும்.

கல்யாணம் முடித்து உங்கள் வீட்டோடு வந்த நாளிலிருந்து அவருக்குத்தான் வெள்ளைக் காய். முதல் வருடம் முழுக்க நடுப்பலகைக்காக அவரோடு முட்டி மோதித் தோற்றேன். கோபத்தில் வீட்டை விட்டே போகப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் நின்று பார்த்த நீதான் சொன்னாய்: "நடுவ வாப்பாக்கு விடுங்க. ராஜாவ மூலையில பத்திரமா வெச்சிட்டு, பொறகு ஓரத்தால அடிங்க."

கறுப்பு ஆடும் அந்த முறைக்கு 'கிங்ஸ் இந்தியன்' என்று பெயராம், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். எனக்கு அது உன் ஆட்டம். அதன்பிறகுதான் அந்த வீடு என் வீடுமாயிற்று.

இன்று டாக்டர் வாப்பாவை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் காய்களை அடுக்கினார். "மருமகன், இண்டைக்கு வெள்ளைய நீங்க எடுங்க."

நான் பலகையைத் திருப்பி வைத்தேன். "கறுப்பத் தாங்க மாமா. உங்கட மகள் தந்த ஆட்டம் அதுதானே."

இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் சொன்னதைக் கேட்காதே. யார் வென்றது என்று மட்டும் கேள்.

உங்கள் வீட்டு மாப்பிள்ளை