தாயக்கட்டையை அனுப்ப வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஜீவனஹள்ளி அறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிறு மாலைகளில் கல்லூரி நண்பர்களோடு இணையத்தில் கதை விளையாட்டு ஆடுவதாக ஏற்பாடு. நாங்கள் பாத்திரங்களாகப் பேசுவோம். நடப்பதைப் பகடை முடிவு செய்யும். வரைபடத்துக்கு ஒரு செயலி, பேச ஒன்று, பகடைக்கு ஒன்று என்று தேர்ந்தெடுப்பதிலேயே மழைக்காலம் போய்விட்டது. கதையில் இன்னும் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

நேற்று பகடைச் செயலியில் எங்களில் ஸ்ரீஹர்ஷாவுக்கே எல்லாம் சாதகமாக விழுந்தது. "அந்த ஆப் என்ன உன் மாமா பையனாடா?" என்றாள் அனுஷா. "அப்போ நீயே ஆடிக்கோ" என்று அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

நம் பித்தளைத் தாயக்கட்டையைத் தேடி வையுங்கள். அனுப்ப வேண்டாம். ஞாயிறன்று போன் செய்கிறேன், நீங்களே உருட்டி விழுந்ததைச் சொல்லுங்கள். அம்மா உருட்டினால் மறுபேச்சில்லை என்று பிறகு இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆட்டம் முடிய வெகுநேரம் ஆகும். போனை வைத்துவிடாதீர்கள்.

குக்கர் விசில் அடிக்கிறது.

வசந்தன்