வடகிழக்குச் சுவர்

செப்டெம்பர் 4
வெயில். கந்தோரில் மறுபடியும் பாடசாலை மலசலகூட வரைபடம். அரசாங்கக் கட்டடக் கலைஞராகப் பதினாறு வருடம். நான் வரைந்தவை மலசலகூடம், மதில், சைக்கிள் கொட்டகை. நிரோஷன் வந்து இரண்டே வருடம், முள்ளியவளைத் தாய்சேய் நிலையம் அவனுக்கு.

பணிப்பாளர் இன்றும்: "தம்பியின்ர கையில ஒரு வடிவு இருக்கு, என்ன?"

ஓம் என்றேன். வயிறெரிச்சல்.

வாங்க: தேங்காய், மகளுக்குக் கொப்பி.

செப்டெம்பர் 11
நிரோஷன் கட்டட வேலை பார்க்கக் கூட்டிப் போனான். காத்திருப்பு மண்டபத்தின் வடகிழக்குச் சுவரைக் கட்டாமல், தூண்களோடு விடப் போகிறானாம். காற்று வரும், வயல் தெரியும்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. சரிவருமோ?"

கொழும்பில் வளர்ந்தவன். இங்கே மாரி மழை அந்தப் பக்கத்தால்தான் சரிந்து அடிக்கும். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"வடிவாத்தான் இருக்கு" என்றேன். பொய்யில்லை. வடிவாகத்தான் இருந்தது.

வரும் வழியில் இளநீர் வாங்கித் தந்தான். குடித்தேன்.

செப்டெம்பர் 15
சொல்லிவிடலாம் என்று எழும்பிப் போனேன். பணிப்பாளர் அவனுடைய மேசையில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். என் மேசைக்கு அவர் வந்ததே இல்லை. திரும்பிவிட்டேன்.

பிள்ளைகள் நனையும். நனையட்டும். அப்போதாவது என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

ஒக்டோபர் 20
திறப்பு விழா. நல்ல வெயில். வடை சரியில்லை.

திரைச்சீலையை விலக்கினால் வாசல் கல்லில், வடிவமைத்தவர்கள் என்று இரண்டு பெயர். முதலாவது என்னுடையது!

நிரோஷன் மைக்கில்: "அக்கா பாத்துச் சரியெண்டு சொன்னபடியாத்தான் அந்தச் சுவரை விட்டனான். அவா மூத்தவா, அவாவின்ர பேர்தான் முன்னுக்கு வரவேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கூட வந்திருந்த என் கணவர் என்னைக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவை. வெட்கமில்லாமல் சந்தோஷம் வந்தது. அங்கேயே அவனிடம் சொல்லியிருக்கலாம். கல்லைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 8
விடியற்காலை தொடங்கிய மழை. வேறு வேலை என்று சொல்லிவிட்டு முள்ளியவளைக்குப் போனேன்.

மண்டபத்தில் பாதிக்கு வெள்ளம். கதிரைகளைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டுத் தாய்மார் நெருக்கி அடித்துக்கொண்டு. கைக்குழந்தைகளுக்கு மேல் துவாய். ஒரு பிள்ளை விடாமல் இருமியது.

"உந்தச் சுவரைக் கட்டாமல் விட்டது ஆர்?" என்று ஒருத்தி கத்தினாள்.

வாசலில் நின்றவள் கல்லில் வழிந்த தண்ணீரைக் கையால் துடைத்துவிட்டு வாசித்தாள். சத்தமாக. என் பெயரோடு நிறுத்திக்கொண்டாள்.