நெற்றியில் மூன்று விரல் தடம்

பல்லடம், சனிக்கிழமை

அன்பு மகன் கிருபாசங்கருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகள் மதிவதனியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. மஸ்கட் வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா கண்ணு. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் நாளைக்கு அங்கே கிளம்பும் நாகூர் மீரானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மதி காலேஜில் செய்த காய்ச்சல் பார்க்கும் கேமராவைத் தறிக்குடோன் வாசலில் மாட்டினாள் அல்லவா. யாரையும் தொட வேண்டாம், எதிரே நின்றால் நெற்றிச் சூட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரே சொல்லிவிடும், காய்ச்சலென்றால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. பெரிய ஆஸ்பத்திரிச் சாமானை காந்திபுரத்துக் கடைகளில் அலைந்து வாங்கிக் குறைந்த செலவில் செய்துவிட்டாளே என்று சந்தைவரைக்கும் பெருமை பேசித் திரிந்தேன். கண் பட்டுவிட்டதோ என்னவோ, செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் பச்சை விளக்கு எரிந்து உள்ளே போனவள், பத்து மணிக்கெல்லாம் தறியடியில் மயங்கி விழுந்துவிட்டாள். நூற்றிமூன்று காய்ச்சல், டெங்கு என்கிறார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் மதியைப் பார்த்து, ஏனம்மணி, இதுக்கு ஒரு திருஷ்டிப் பூசணிக்காயக் கட்டியிருந்தாலே ஆயிருக்குமே என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று, அன்று கேமராவில் விழுந்த காளியாத்தாளின் படத்தை எனக்குக் காட்டி, இதை நம்பித்தானே அந்தக்காவை உள்ளே உட்டோம் அப்பத்தா, செத்துப்போயிருந்தா நான்தானே காரணம், இனி இதத் தொடமாட்டேன் என்று அழுதாள். படத்தில் முகமெல்லாம் நெருப்பாட்டம் சிவந்திருந்தது, நெற்றியில் மட்டும் மூன்று நீலக் கோடு. அது என் விரல் கண்ணு. அன்று காலையில் தலைவலி என்று வந்த காளியாத்தாளுக்கு நான்தான் சுக்கை இழைத்து நெற்றியில் மூன்று விரலால் பத்துப் போட்டு, துடைத்துவிடாதே என்று சொல்லி அனுப்பினேன். ஈரப் பத்து சூட்டை மறைத்துவிட்டது போலிருக்கிறது. கேமராவாவது பத்தைப் பார்த்து ஏமாந்தது, என் கைக்கு அந்தச் சூடு தெரிந்தது, அடுப்படியிலிருந்து வந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

காளியாத்தாள் தேறிவருகிறாள். மதியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை, என் முகத்தில் முழிக்காமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அதே மாதிரி பத்துப் போட்டுக்கொண்டு முதலாளி பார்க்க அந்தக் கேமரா முன்னால் போய் நிற்கப்போகிறேன். கோடு விழட்டும், மீதியை நானே சொல்கிறேன். அவள் உனக்குப் போன் செய்து அழுதால் எனக்காகப் பரிந்து பேசாதே, அவளுக்காகப் பேசு.

மாகாளியம்மன் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். நான் கொடுத்தனுப்பிய சுக்கு மீதி இருக்கும், தலைவலி என்றதும் பத்தைப் போட்டுவிடாதே, முதலில் காய்ச்சல் இருக்கிறதா பார்.

உன் அம்மா,
பழனியாத்தாள்