அதே வேகத்தில்

இன்று காலை பல்கனியைக் கூட்டிய மகள், உங்கள் தகரப் பூவாளியைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, உது ஒழுகுது. எறியட்டோ?"

"வை அதை."

எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதித் தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில், பிள்ளைகளின் கால் வழுக்காதிருக்க, வகுப்புக்கு முன் மரத் தளமெங்கும் அதனால் நீர் தெளிப்பீர்கள். ரஷ்யாவின் பெரிய மேடைகளில் ஆடியவர் நீங்கள். ஆனாலும் அந்த வேலையை வேறெவரிடமும் விட்டதில்லை. உங்கள் பாலே வகுப்புக்கு நான் பியானோ வாசிப்பேன். யாழ்ப்பாணத்தில் கொன்வென்ற்றில் கற்றது என்று சொன்ன நாள் முதல் நான் உங்களுக்குக் 'கன்னியாஸ்திரி'. நான் சைவக்காரி, கலியாணம் முடித்தவள் என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை.

ஒருநாள் ஒரு சிறுமி திணறுவதைக் கண்டு வாசிப்பைச் சற்றுத் தளர்த்தினேன். கையைத் தட்டி நிறுத்தினீர்கள். "கன்னியாஸ்திரி, இரக்கத்தைக் கோயிலில் வைத்துவிட்டு வா. நீ மெதுவாக்கினால், உன்னால் முடியாது என்று அவளிடம் சொல்கிறாய்." கல் நெஞ்சுக்காரி என்று நினைத்தேன்.

என் கணவர் இறந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் வகுப்புக்கு வந்தேன். தாய்மார் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவர் என் கோட்டைக்கூடக் கழற்ற வந்தார். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

"நான்கு நிமிடம் பிந்திவிட்டாய். உட்கார்."

கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். முதல் பயிற்சி முடிவதற்குள் விளங்கியது: அந்த ஒரு மாதத்தில் என்னைப் பழைய ஆளாக நடத்தியவர் நீங்கள் மட்டுமே.

பிறகு உங்களுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தது. எழுந்து நடமாடத் தொடங்கியதும், ஒருநாள் பிள்ளைகள் போனபின், சுவரோரக் கம்பியைப் பிடித்தபடி முதல் பயிற்சிக்கு வாசிக்கச் சொன்னீர்கள். மடித்த முழங்கால் நடுங்கியது. என் விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

"கன்னியாஸ்திரி!"

அதன்பின் பழைய வேகத்திலேயே வாசித்தேன். அதைவிடக் கடினமாக எதையும் நான் வாசித்ததில்லை. இசை முடிந்தது, நீங்கள் முடிக்கவில்லை. உங்கள் காலணி தரையில் உரசும் ஒலி அடங்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நன்று" என்றீர்கள். உங்களிடம் நான் கேட்ட ஒரே 'நன்று'.

அந்த ஆண்டுக் குளிர்காலத்திலேயே கண்ணை மூடிவிட்டீர்கள். திணறிய அந்தச் சிறுமி இப்போது மார்க்கம் நகரில் பாலே கற்பிக்கிறாள். அவளிடம் பிள்ளைகள் அழுகிறார்களாம். ஆனால் எவரும் விட்டுப் போவதில்லையாம்.

எனக்கு இப்போது வோக்கரைப் பிடித்துத்தான் நடை. பிற்பகலில் கொரிடோரில் நடக்கையில், மகள் இரண்டடி வைப்பதும் எனக்காக நிற்பதுமாக வந்தாள்.

"என்னத்துக்கு உப்பிடி நிண்டு நிண்டு நடக்கிறாய்? உன்ரை நடையிலை நட. நான் வாறன்."

"விழுந்திட்டீங்கள் எண்டால்?"

"விழுந்தால் சத்தம் கேக்கும்தானே."

சிரித்துக்கொண்டு முன்னே போனாள். எலிவேட்டர் வாசலில் நின்றாள். நான் போய்ச் சேரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.