ஒரு 'அப்' போட்டதால் வந்த வினை

செவ்வாய், இரவு.

படுத்தும் கோபம் அடங்கவில்லை. போன வாரம் ரேவதி உடம்பு சரியில்லாமல் வீட்டுக்குப் போனபோது, அவளுடைய கல்லாவில் என்னை நிற்கச் சொன்னது சூப்பர்வைசர் தனம்தான். அன்று தெப்ராவ் ஊரில் உள்ள எங்கள் கடையிலிருந்து பால்மாவு டின்கள் பணம் கட்டாமல் வெளியே போயிருக்கின்றன.

இன்று மேனேஜர் விசாரித்தபோது, "ஐ கவர் அப் ஃபார் ரேவதி" என்றேன். எதை மறைத்தாய் என்று கத்தினார். அப்போதுதான் உறைத்தது. வெறும் 'கவர்' என்றால் அவளுக்குப் பதிலாக நின்றேன். 'அப்' சேர்ந்தால் அவள் தப்பை மூடி மறைத்தேன் என்று ஆகிவிடும்.

பக்கத்தில் நின்ற தனத்துக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும், "தெரியாத இங்கிலீஷ் எதுக்குக்கா? சும்மா இருந்திருக்கலாம் லா" என்றாள்.

"நிக்க சொன்னது நீதானே? அதச் சொல்ல ஒனக்கு நாக்கு வரலையா?"

"எம் பேரு எதுக்கு இதுல?"

நான் திரும்ப உள்ளே போனேன். யார் நிற்கச் சொன்னார்கள் என்று மேனேஜரிடம் மலாயில் முதலிலிருந்து சொன்னேன். அவர் தனத்தைக் கூப்பிட்டார். அவளுடைய இங்கிலீஷ் திக்கியது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.