ஆறில் விடுபட்ட ஒன்று

ஜூலை 7, திங்கள்
ஏழு மணிக்கே வெயில். லீவு வெள்ளி வரை. வேலை ஆறு, நாள் ஐந்து. ஒரு நாளைக்கு ஒரு வேலைதான்:

அப்பாவுக்கு வேலூரில் ஸ்கேன் (இன்று / நாளை)
தாலுகா ஆபீஸ் சான்றிதழ் (செ. / பு.)
முள்ளிப்பட்டு, சித்தி மகள் வளைகாப்பு (பு. மட்டும்)
கைடுக்கு மூன்றாம் அத்தியாயம் (வியா.க்குள்)
கிணற்று மோட்டார் ரிப்பேர் (எந்த நாளும்)
என் ஆராய்ச்சி என்னவென்று அப்பாவுக்குச் சொல்வது (எந்த நாளும்)

ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டேன். அதிக மார்க்கிலிருந்து ஆரம்பித்து, நாள் இடிக்காதவரை சேர்த்துக்கொண்டே போனால் வருவதுதான் சிறந்த பட்டியல். கணிதத்தில் இப்படிப்பட்ட அமைப்புக்குப் பெயர் மேட்ராய்டு. நாலு வருடமாக இதைத்தான் கட்டி அழுகிறேன். கடைசி வேலைக்குத்தான் மார்க் குறைவு. தள்ளிவிட்டேன்.

ஸ்கேன் முடிந்தது. ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை. திரும்பும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும் வரை அப்பா டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். பஸ் ஓட்டி ரிடையர் ஆகியும் அவர் கால் பிரேக்கைத் தேடுகிறது. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னாதான் படிக்கிற? ஒரு தபா சொல்லேன். என்கூட ஓடுன கண்டக்டரு கேட்டுகினே கீறான்" என்றார்.
"அடுத்த லீவுல சொல்றேன்பா."

ஜூலை 8, செவ்வாய்
சான்றிதழ் கிடைத்தது. பேனா தொலைந்தது.

ஜூலை 9, புதன்
வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம். அப்பாவுக்குப் புளிச்சாதம் கட்டி வந்தேன். ருசித்துச் சாப்பிட்டார்.

ஜூலை 10, வியாழன்
அத்தியாயம். கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று மணிக்கு அப்பா எட்டிப் பார்த்தார். "வேலயா கீறியா?" "ஆமாம்பா, அப்புறம்." நாலு மணிக்கு அனுப்பிவிட்டு வந்தால் நாற்காலியில் தலை சாய்ந்திருக்கிறார். டீ அப்படியே இருக்கிறது. அப்பா, அப்பா என்று எத்தனை முறை கூப்பிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
பகலில் எடுத்தார்கள். மோட்டார் மெக்கானிக் வந்து, பந்தலைப் பார்த்துத் திரும்பிப் போனாராம். ரிப்போர்ட் வாங்கப் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
லேசான தூறல். கண்டக்டர் மாமா வந்தார். இருபது வருடம் அப்பாவோடு ஒரே பஸ். அம்மாவிடம் பேசிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
"புதங்கெழம போன் பண்ணாரும்மா உங்கப்பா. 'பொண்ணு ரொம்ப வேலயா கீது, அடுத்த லீவுல சொல்றேன்னு சொல்லிகீது'ன்னாரு. எனக்காவது சொல்லும்மா."
திங்கள்கிழமைப் பக்கத்தைக் காட்டிச் சொன்னேன். சிறந்த பட்டியலை எடுப்பது சுலபம். மொத்தம் எத்தனை பட்டியல் தேறும் என்று எண்ணுவதுதான் கொடுமை. வேலைகள் பெருகினால் கம்ப்யூட்டரே கையை விரித்துவிடும். பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். பத்தே நிமிடம். இதற்கா ஒரு முழு நாள் வேண்டும் என்று எழுதினேன், பாவி.
மாமா தலையாட்டினார். "இது சின்னதாச்சே. இத எண்ணிடலாம்ல?"
விரல் விட்டு எண்ணினேன். எந்த ஒன்றை விட்டாலும் மீதி ஐந்தும் ஐந்து நாளில் அடங்குகின்றன. ஆறு பட்டியல். ஐந்தில் அப்பாவுக்குச் சொல்வது இருக்கிறது. நான் எடுத்தது ஆறாவது.