சபையில் சொன்ன சாட்சி

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. ஏலக்காட்டில் வேலை இல்லை. மகள் ஜெனியைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஐந்து வயது. ஈஸ்டர் முடிந்ததிலிருந்து திக்குகிறாள். பேச்சுப் பயிற்சி மேடம் மலையாளத்தில் விளக்கினார்: வார்த்தையை எடுத்துக் கொடுக்காதே. ‘மெதுவாச் சொல்லு’ என்றும் சொல்லாதே. முகத்தைப் பார்த்துக் காத்திரு. வாரா வாரம் கூட்டி வா.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், அதனாலா என்று கேட்டேன். இல்லையாம்.

வாங்க மறந்தது: மெழுகுவர்த்தி, சோப்பு.

ஜூன் 11, புதன்
அதே மழை. பக்கத்து லயத்து வீட்டு மேரி அக்கா வசம்போடு வந்தாள். நாக்கில் தேய்க்கணுமாம். வாங்கி அடுப்பில் போட்டேன். ஜெனியின் அப்பா அதற்கும் மேல். அவள் “ப... ப...” என்றதும், “பாலா? பழமா? பட்டுனு சொல்லேம்ட்டி!”

மேடம் சொன்னதைச் சொன்னேன். “அந்தம்மாவுக்கு ஆவி விஷயம்லாம் தெரியுமா?” என்கிறார். எரிச்சல்.

ஜூன் 14, சனி
என்னிடம் கேட்காமலே இவர் ஜெபக்கூட்டத்தை வீட்டுக்கு அழைத்துவிட்டார். பாஸ்டர் பிள்ளையின் தலையில் கை வைத்து, ஊமை ஆவியே வெளியே போ என்று அதட்டினார். பிறகு, “ஸ்தோத்திரம் சொல்லும்மா.” உலகத்தில் வேறு வார்த்தையே இல்லையா? ஸ்... ஸ்... கண்ணில் தண்ணீர். சுற்றிலும் கைதட்டல், “இன்னும் சத்தமா!” பாவிகள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இவருக்கு மானம் போயிற்றாம்.

ஜூன் 19, வியாழன்
ஜெனி பேசுவதே இல்லை. விரலைக் காட்டுகிறாள், தலையாட்டுகிறாள். பள்ளியிலும் அப்படித்தான் என்றார் டீச்சர். இவருக்கோ சந்தோஷம். “பாத்தியா, இப்ப திக்குதாளா? பெறவு எதுக்கு ஆஸ்பத்திரி?” இந்த வாரம் போகவில்லை. மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது.

ஜூன் 22, ஞாயிறு
வெயில். ஆராதனையில் இவர் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார்: “எம் மகளுக்குக் கர்த்தர் பூரண சுகம் தந்தாரு.” ஒரே அல்லேலூயா. ஜெனி என் சேலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் பேர் கேட்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பும்போது இவர் பாஸ்டரோடு முன்னால் போய்விட்டார். ஜெனி என் கையை இழுத்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் குரல்.

“அம்மா, நா... நா... நான் பே... பேசுனா, அப்பா சொ... சொன்னது பொ... பொய்யாயிருமா?”

முடிக்கும்வரை நின்றேன்.

“ஆவட்டும்ட்டி. நீ பேசு.”